மாலை விழுந்த பிறகு கேள்வி இல்லை

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பெயர் அச்சில் வந்துவிட்டால், அதற்கும் ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். திட்டி எழுதியிருக்கிறானா, புகழ்ந்து எழுதியிருக்கிறானா என்று படித்துப் பார்க்கமாட்டார்கள். பேர் வந்திருக்கு, அது போதும். அதனால் பாடாங் செராயிலிருந்து சுங்கைப் பட்டாணி வரைக்கும் எல்லாரும் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிடுகிறேன். புரொபசர்.

நான் பாக்கார் ஆராங்கில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவேன். மேடைக்குப் பக்கத்தில், ஆனால் மேடையில் இல்லாமல் உட்கார்ந்திருப்பது என் தொழில். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனுசர்கள் பேசக் கேட்டுச் சேர்த்தது. ஒருத்தர் வாயில் நல்ல பேச்சு விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் புரொபசர் எனக்கு விருந்து வைத்தவர். முதலில் அதை ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் திட்டுகிறேன்.

மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடிக்கமாட்டார். நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார். "பேச்சு இங்கேர்ந்துதான் வருது தம்பி, வாயி சும்மா கதவு" என்பார். நான் சத்தத்தை ஏற்றுவேன், ஸ்பீக்கர் ஊளையிடும், அவர் திரும்பி என்னைப் பார்த்து, "பாரு, மிஷினுக்கே புல்லரிக்குது" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மைக்கைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள் என்று நானும் வருசக்கணக்காகச் சொன்னேன். அவர் தூக்கியதே இல்லை. முதல் நாள் நெஞ்சுக்கு நேரே பிடித்துவிட்டார், அவ்வளவுதான். பிடித்தது பிடித்ததுதான்.

"ரிவர்ஸ் கியரு என் காடியில பேருக்குத்தான் இருக்கு" என்று அவரே சொல்லிக்கொள்வார். பெருமையாகத்தான் சொல்வார்.

ஒருமுறை சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மேலே ஒரு மண்டபம், கீழே ஒரு மண்டபம். அவருக்கு அழைப்பு மேலே. அவர் நுழைந்தது கீழே. கீழ் மண்டபத்தில் ஸ்பீக்கர் என்னுடையது, அதனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த மனுசன் சுற்றிப் பார்த்தார், ஒரு முகமும் தெரியவில்லை. வேறு யாராவது இருந்தால் மெதுவாக நழுவியிருப்பார்கள். இவர் நேராக மேடைக்கு நடந்தார். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார், பெண்ணின் தலையில் கை வைத்தார், என்னிடம் மைக்கை வாங்கி, "இந்தக் குடும்பத்த எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஆரம்பித்து, அப்படி ஒரு வாழ்த்துரை! பெண்ணின் அப்பா அழுதுவிட்டார். இறங்கி வந்தவரிடம், "அண்ணே, உங்க கல்யாணம் மேல" என்றேன். "தெரியும் தம்பி. வந்தது வந்தாச்சு, இவங்களையும் பாத்துட்டுப் போவம்னுதான்" என்றார். அந்தக் குடும்பத்தின் வரவேற்பறையில் இன்றைக்கும் அவர் படம் மாட்டியிருக்கிறதாம்.

இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்காமல் போகுமா? எனக்குப் பிடித்தது.

இன்னொரு தடவை பாடாங் மேஹா பக்கம் ஒரு கோயில் கூட்டம். என்னையும் தன் காடியில் ஏற்றிக்கொண்டார். செம்பனைக் காட்டுக்குள் வழி மாறிவிட்டது. நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. "இதுவும் அங்கதான் போயி சேரும்" என்று ஓட்டிக்கொண்டே போய், ஒரு ஆற்றங்கரையில் பாதை முடிந்தது. இறங்கினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "இந்த ஆத்தப் பாத்து எவ்வளோ காலமாச்சு, அதுக்குத்தான் வந்தேன்" என்றார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியிலேயே முன்னால் நடந்து போய் நின்றுகொண்டார். காடியை நான் திருப்பிக்கொண்டு போய் அவரை ஏற்றினேன். திருப்பியபோது அவர் உள்ளே இல்லை, பாருங்கள். திருப்பினது நான்தான், அவர் இல்லை. அப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பாடாங் செராய் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்தவர் அவர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அங்கிருந்து படித்து, பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக உட்கார்ந்தார். ரப்பர்ப் பாலில் ஆராய்ச்சி. ரப்பர் மரம் கீறிப் பால் வெட்டினவர்கள் பிள்ளை, வெட்டின பாலுக்கே புரொபசர் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் எங்களை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் எடுத்தார். என் அக்கா மகள் இரசாயனத்தில் தேறியது அவரால்தான். இன்றைக்குக் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறாள். "எம் பொண்ணு கையில சோறு போட்டவரு" என்று அக்கா சொல்வாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர் எதைச் சொன்னாலும் அவளுக்கு வேதம்.

அவர் சொன்னது இதுதான்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதிக்குப் போடுகிற ஊசியும் தின்கிற மாத்திரையும்தான் காலைக் கறுப்பாக்குகிறது, அழுக வைக்கிறது. வியாதி இல்லை, மருந்துதான். ரத்தமும் ரப்பர்ப் பால் மாதிரிதான். ஆசிட் பட்டால் பால் உறைகிறது. மருந்து பட்டால் ரத்தம் உறைகிறது. உறைந்த ரத்தம் காலில் போய் நிற்கிறது. மருந்தை நிறுத்தி, ஒரு கசப்பு இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ரத்தம் மறுபடியும் இளகும்.

இதை வாயால் மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். மேடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் வைப்பார். புதுசாக வெட்டின பால் ஊற்றுவார். ஒரு சின்னக் குப்பியிலிருந்து ஆசிட் விடுவார். கலக்குவார். "இப்ப எல்லாரும் ஒரு நிமிசம் உங்க காலப் பாருங்க" என்பார். கூட்டம் குனிந்து காலைப் பார்க்கும். நிமிரும்போது கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவார். பால் கொட்டாது. கட்டியாக நிற்கும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு "ஐயோ" வரும். என் ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தை எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

வேறு ஊரில் இதைச் செய்திருந்தால் மந்திர வித்தை என்று கை தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் சனம் அப்படி இல்லையே. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, வாளி தூக்கி, ஸ்டோரில் தட்டுத் தட்டாக ஊற்றி, ஆசிட் கலந்து, உறைந்த பாலைக் கையால் அமுக்கிப் பார்த்த சனம். ஆயுசில் தங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து கண்முன் வைத்தால் எப்படி நம்பாமல் இருப்பார்கள்? கிளினிக் டாக்டர் சொல்வது காகிதத்தில் இருக்கிற எண். இது அவர்கள் கையிலேயே இருக்கிற ஞாபகம். கிளாஸுக்குள் நடந்தது பொய்யில்லை. பால் உறையும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பால் உறைந்ததைக் காட்டிவிட்டு, ரத்தம் உறைந்ததாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கும் இனிப்பு நீர் உண்டு. அப்படி ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்குப் போய், குளிர்பெட்டியில் இருந்த ஊசி மருந்தை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"அக்கா, டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தலாம்லா" என்றேன்.

"ஏன்டா, அந்த டாக்டரு பால் வெட்டியிருக்கானா?" என்றாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தாள். "ஒடம்பு காத்து மாதிரி லேசா இருக்குடா" என்றாள். சிலிப்பர் கடித்து வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. இலைத் தண்ணியைக் கூடுதலாகக் கொதிக்க வைத்தாள். விரல் நிறம் மாறியது. "உள்ள கெடந்த பழைய மருந்து வெளிய வருது, புரொபசர் அப்படித்தான் ஆவும்னு சொல்லியிருக்காரு" என்றாள். அக்கா மகள் கெஞ்சினாள், நான் கத்தினேன். "அவரு நேர்ல வந்து ஊசி போடுன்னு சொல்லட்டும், போட்டுக்கறேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் கால்.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகம் கண்ணைத் திறந்தது. அவர் மேல் ஒழுங்கு விசாரணை. எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை வந்தது, எனக்கும் அக்கா மகளுக்கும். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, நீ சொன்னது சரியா தப்பா என்று கேட்பார்கள், ஒரு பதில் வரும் என்று. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அனுமதி இல்லாமல் அந்த கிளாஸ் பேச்சை ஒரு வீடியோவில் பேசினாராம். அதனால் பல்கலைக்கழகத்தின் நற்பெயர் கெட்டதாம். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரத்தத்தைப் பற்றி இல்லை. காலைப் பற்றி இல்லவே இல்லை.

நான் கேட்கிறேன். அனுமதி வாங்கிக்கொண்டு அதே பேச்சைப் பேசியிருந்தால் என் அக்கா விரல் கறுக்காமல் இருந்திருக்குமா?

எங்கள் ஆட்களாவது கேட்டார்களா? அவர்களுக்குக் கேட்க நேரம் ஏது. "நம்ம ஆள ஓரங்கட்றானுங்க" என்று ஒரே சத்தம். அந்தக் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. ஓரங்கட்டப்பட்டவர்கள் நாங்கள், உண்மையாகவே பல இடத்தில் ஓரங்கட்டப்பட்டவர்கள். அந்தக் காயம் எல்லார் நெஞ்சிலும் தயாராக இருந்தது. யாராவது தொட்டால் போதும். தொட்டார்கள். பாடாங் செராயில் ஒரு மண்டபம் பிடித்து ஆதரவுக் கூட்டம் போட்டார்கள். ஸ்பீக்கர் நான்தான்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அழைப்பிதழில் கடைசியில் 'கேள்வி நேரம்' என்று அச்சடிப்பார்கள். அதற்கு முன்னால் 'மாலை மரியாதை' இருக்கும். தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர், அந்த முன்னாள் தலைவரோடு கோபத்தில் பிரிந்து போனவர் என்று ஒவ்வொருத்தராக மேடையேறிப் பொன்னாடை போர்த்திப் படம் பிடித்து முடிவதற்குள் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிடுவார்கள். கேள்வி நேரம் அப்படியே போய்விடும். மாலை விழுந்த கழுத்தை நோக்கிக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. இத்தனை காலத் தொழிலில், கூட்டத்துக்குள் கொடுக்கவென்று நான் கொண்டுபோகிற இரண்டாவது மைக்கைத் திறந்த கூட்டங்கள் குறைவு.

அன்றைக்குத் திறந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கை தூக்கினாள். முப்பது வயசுக்குள் இருக்கும். அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், புரொபசரிடமே படித்தவள், சுங்கைப் பட்டாணித் தமிழ்ப் பெண். நான் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சார், வணக்கம். நான் உங்க ஸ்டூடண்ட்" என்றாள். "அந்த கிளாஸுல நடந்தது ஒருத்தரோட ரத்தத்துல நடந்து, நீங்க ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீங்களா சார்? பாத்திருந்தா எங்களுக்கும் காட்டுங்க. அது போதும்."

மண்டபம் அமைதியாகிவிட்டது. நல்ல அமைதி. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்த அமைதி. அக்கா முன்வரிசையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

சங்கத் தலைவர் எழுந்தார். "நேரமாச்சு, நேரமாச்சு. யாரு அந்தப் புள்ளக்கி மைக்கு கொடுத்தது?" என்று என்னை முறைத்தார். பிறகு வாசல் பக்கம் கை காட்டி, "உருமி! வாசிங்க தம்பிங்களா!" என்றார்.

புரொபசரை வரவேற்க வைத்திருந்த உருமி மேளம். அடித்தார்கள் பாருங்கள். கூரை அதிர்ந்தது. அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது தெரிந்தது, மைக்கும் திறந்துதான் இருந்தது, என் பெட்டிகளில் இருந்த அத்தனை சத்தத்தையும் உருமி தின்றுவிட்டது.

நான் புரொபசரைப் பார்த்தேன். ஒரு கையைத் தூக்கினால் போதும், மேளம் நின்றிருக்கும். அவர் சொன்னால் நிற்காதா? அவர் கை பாதி எழுந்தது. எழுந்ததை நான் பார்த்தேன். பிறகு இறங்கிவிட்டது. தலையைக் குனிந்தார். தலைவர் மாலையைப் போட்டார்.

யாரோ அந்தப் பெண்ணை "துரோகி" என்றார்கள். யாரோ, "எவன் அனுப்பி வச்சான் ஒன்ன?" என்றார்கள். கூட்டம் கலைந்து நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"நீ கேட்டது நல்ல கேள்விம்மா" என்றேன்.

"அண்ணே, அவர வேலைய விட்டுத் தூக்கணும்னு நான் சொல்லவே இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. "தூக்கக் கூடாதுன்னு யுனிவர்சிட்டியில பேசினவங்கள்ல நானும் ஒருத்தி. தப்பா யோசிக்கறதுக்கும் ஒரு வாத்தியாருக்கு எடம் வேணும். இல்லன்னா நாளைக்கு யாருமே புதுசா யோசிக்க மாட்டாங்க. ஆனா யோசிச்சத எங்க முன்னால வைக்கணும்ல? நாங்க கேப்போம், சண்ட போடுவோம், தப்புன்னா சொல்லுவோம். அதுக்குத்தானே சம்பளம் வாங்கறோம். அவரு எங்ககிட்ட ஒரு தடவகூட வைக்கல. நேரா கொண்டுபோயி மருந்து சாப்பிடறவங்ககிட்ட வச்சிட்டாரு."

இதை விசாரணையில் உட்கார்ந்தவர்கள் யாராவது கேட்டிருந்தால் நான் அவர்களுக்கு மாலை போட்டிருப்பேன்.

அந்த வாரமே புரொபசர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பு ஏகப்பட்டது. ஆதரவாளர்கள். அவர் என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். தன் கையாலேயே தேத்தண்ணி கலந்து கொடுத்தார். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, அக்கா வெரலு போயிரும் போலருக்கு. மேலயும் ஏறுது. நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ஊசி போட்டுக்கன்னு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அவ்வளோ தூரம் போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே."

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "விசாரண நடக்குது தம்பி. இப்ப நான் ஒரு வார்த்த மாத்தினா, பாரு அவனே ஒத்துக்கிட்டான்னு அதையே புடிச்சிக்குவானுங்க. வக்கீலும் வாயத் தொறக்காதேன்னுட்டாரு. இது முடியட்டும்" என்றார்.

"வெரலு விசாரணைக்கு நிக்குமாண்ணே?"

"நான் என்ன கெட்டவனா தம்பி?" என்றார். உண்மையாகவே கேட்டார். உண்மையாகவே வலித்தது அவருக்கு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! மருந்து விற்றாரா? இல்லை. ஒரு காசு வாங்கினாரா? இல்லை. எங்களை அவருக்குப் பிடிக்கும். எங்களைவிடத் தான் ஒரு முறை சொன்ன சொல்லை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் போனது எல்லாம்.

விசாரணை முடிந்தது. அனுமதி இல்லாமல் பேசியது குற்றம் என்று எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள். வேலையில் நீடிக்கலாம். பட்டாசு வெடித்தார்கள். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஃபோனில் அந்தச் செய்தியைப் பார்த்தாள்.

"பாத்தியாடா?" என்றாள் என்னிடம். "அம்மாம் பெரிய படிப்பாளிங்க எல்லாம் உக்காந்து விசாரிச்சிருக்காங்க. மருந்தப் பத்தி அவரு சொன்னது தப்புன்னு ஒருத்தனாச்சும் சொன்னானா? சொல்ல முடியல பாரு."

அவர்கள் அதைக் கேட்கவே இல்லை என்று எப்படிப் புரிய வைப்பது? கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டார்கள், அந்த மௌனம் எங்கள் வீட்டுக்கு வந்து சாட்சியாக உட்கார்ந்துவிட்டது. தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டார். தலைவர் தன் மேடையைக் காப்பாற்றிக்கொண்டார். எல்லாரும் ஏதோ ஒன்றைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற ஒருத்தன் இல்லை.

காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக முடிந்தது. நினைவு வந்ததும் டாக்டர் சொன்னார், முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று. அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "புரொபசர கேளுங்க."

அக்கா மகள் ஃபோனைப் போட்டுக் கொடுத்தாள். அக்கா காதில் வைத்துக்கொண்டாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. மேடைக் குரல் இல்லை அது. வீட்டுக்குள் பேசுகிற சின்னக் குரல்.

"அக்கா, டாக்டரு சொல்றபடி செஞ்சிருங்க. ஊசியும் போட்டுக்குங்க. இனிமே நிறுத்தாதீங்க. ஆமாக்கா, நான்தான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு சுலபமாக.

நான் ஃபோனை வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன்.

"அப்ப தெரியுமா உங்களுக்கு?"

"தம்பி, ஒவ்வொரு ஒடம்பும் வேற..."

"மேடையில எல்லா ரத்தமும் ஒரே பாலுன்னு சொன்னீங்களேண்ணே!"

நான் விடவில்லை.

"இப்ப அக்காகிட்ட சொன்னத அப்படியே வீடியோவுல சொல்லுங்க. இன்னும் எத்தன பேரு நிறுத்திட்டு உக்காந்திருக்காங்களோ. விசாரணதான் முடிஞ்சிருச்சே."

"இப்பச் சொன்னா, மெரட்டினதும் மாத்திட்டான்னு சொல்வானுங்க தம்பி. என்ன நம்பி நின்னவங்க எல்லாம் தலை குனியணும்."

"இங்க காலே போவப் போவுது, நீங்க தலையப் பத்திப் பேசறீங்க" என்றேன். நர்சு வந்து என்னைச் சத்தம் போடாதே என்றாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பார்க்க வந்தார். வராமல் இருக்கவில்லை. ஆரஞ்சும் மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு வந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். அக்காதான் அவரைத் தேற்றினாள். "அழுவாதீங்க சார், எம் விதி." நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே இருந்தால் கை நீண்டிருக்கும்.

இன்றைக்கும் அந்த கிளாஸ் வீடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் அதை எடுக்கவும் இல்லை, புதுசாக ஒன்று போடவும் இல்லை. நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். "நீ அந்தப் பொண்ணுக்கு மைக்கு கொடுத்தவன்தானே" என்கிறார்கள்.

அக்கா இப்போது ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை. "அது எனக்குன்னு தனியா சார் சொன்னது" என்பாள், வரம் வாங்கினவள் மாதிரி. நான் கோபப்பட்டால், "அவரப் பேசாத" என்பாள்.

போன வாரம் பாடாங் மேஹாவிலிருந்து ஒரு அம்மா அக்காவைப் பார்க்க வந்தார். ரெண்டு பேரும் ஒன்றாக மரம் வெட்டினவர்கள். வெயிலில் வந்தவர், தண்ணி எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். கதவில் இருந்த ஊசியைப் பார்த்தார்.

"இதென்னக்கா? நீங்களா போடறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

"புரொபசரு வேணாம்னாருல்ல?"

"அவருதான் போடச் சொன்னாரு."

அந்த அம்மா குளிர்பெட்டியின் கதவை மூடாமல் அப்படியே நின்றார். "எப்ப?"

"காலு எடுக்கறதுக்கு முந்தி. ஃபோன்ல."

"எங்கூட்டுக்காரரு அந்தக் கூட்டத்தக் கேட்டு ஊசிய நிறுத்தினவருதான்க்கா. காலுல புண்ணு ஒண்ணு வந்து நிக்குது. மருந்து வெளிய வருதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு." குரல் மெலிந்தது. "எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியேக்கா புரொபசரு."

அக்கா முகம் மாறுவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மாறாத முகம், மைலோ டின்னைப் பார்த்தும் மாறாத முகம்.

நான் காடிச் சாவியை எடுத்தேன். "வாங்கம்மா, ஒங்க வீட்டுக்குப் போவோம். நான் பேசறேன் அவருகிட்ட."

"ஒக்காருடா" என்றாள் அக்கா. "நீ போயி என்ன பேசுவ? சண்டதான் வரும்." சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகிக்கொண்டாள். "என்னத் தூக்கி காடியில வையி. இவ வீட்டு மனுசன் இதப் பாக்கட்டும்."